மேல் வீட்டு மீட்டர்

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டை ஒட்டிய ஏழு தெருக்களுக்கு ஸ்மார்ட் மீட்டர் மாட்டும் வேலை கலீமுக்கு வந்திருந்தது. காலையில் பாலக்கரையிலிருந்து பைக்கில் கிளம்பினால் ஒன்பது மணிக்கெல்லாம் முதல் வீட்டில் இருப்பான். பழைய மீட்டரைக் கழற்றி, புதியதை மாட்டி, சீல் வைத்து, வீட்டுக்காரர் போனில் செயலியை இறக்கிக் கொடுத்துவிட்டு அடுத்த வீடு. ஒப்பந்த நிறுவனத்தில் அவனைப் பற்றி இதுவரை ஒரு புகார் வந்ததில்லை. பதினைந்து வருஷமாக மின் வேலை பார்க்கிறான். அடுத்தவர் வீட்டுக்குள் போகிறவன் கண்ணை மீட்டர் பலகையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவனாகப் போட்டுக்கொண்ட சட்டம். உள்ளே யார் அழுதுகொண்டிருந்தாலும், யார் சண்டை போட்டாலும், வாசலைத் தாண்டியதும் மறந்துவிடுவான்.

அழகிரி வீட்டில் இரண்டு மீட்டர். கீழே அவர் இருந்தார். மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஸ்டோர் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருஷமாகிறது. ஒரே மகன் பூனாவில். கலீமுக்கு நாற்காலி போட்டு, தன் கையால் காபி கலந்து கொடுத்தார்.

"ரெண்டு கனெக்‌ஷனும் என் பேர்லதான் இருக்கு தம்பி. மேல் வீட்டையும் என் போன்ல காட்டுற மாதிரி பண்ணிடுங்க. குடியிருக்கிற பொண்ணோட ரீடிங்குக்கு மல்லுக்கு நிக்க வேண்டாம் பாருங்க."

கலீம் செய்து கொடுத்தான். செயலியில் மொத்த யூனிட் தெரியும் பக்கம் எல்லோருக்கும் உண்டு. அதற்கு அடுத்து இன்னொரு பக்கம் இருந்தது. அரை மணிக்கு அரை மணி எவ்வளவு மின்சாரம் போனது என்று கோடு போட்டுக் காட்டும் பக்கம். வாடிக்கையாளர் எழுதிக் கேட்டால் மட்டும் அதைத் திறந்துவிட வேண்டும் என்பது அலுவலக உத்தரவு. காபியும் நன்றாக இருந்தது, மனிதரும் நல்ல மாதிரியாக இருந்தார். கலீம் எழுதியெல்லாம் வாங்கவில்லை. தன் கருவியில் இரண்டு தடவை தட்டி, இரண்டு வீட்டுக்கும் திறந்துவிட்டான்.

"இதுல எப்ப எவ்வளவு ஓடுச்சுன்னு பாத்துக்கலாம் சார்."

"அட, ஸ்டோர்ல நாங்க வச்சிருந்த ரிஜிஸ்டர் மாதிரியே இருக்கே" என்று அழகிரி மகிழ்ந்து போனார்.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்துத் தெருவில் வேலையை முடித்துவிட்டுக் கலீம் வெளியே வந்தபோது அவன் பைக் அருகே ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். அழகிரி வீட்டு மாடியில் குடியிருக்கும் சுபஸ்ரீ என்பது அவள் சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். நீங்க மாட்டுன மீட்டர்ல கேமரா ஏதாவது இருக்கா?"

கலீமுக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டான்.

"அதெல்லாம் இல்லம்மா. ஏன், என்னாச்சு?"

அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தவள், நான்கு மாதம் முன்பு வேலையை விட்டுவிட்டாள். குரூப் டூ பரீட்சைக்கு ஒரே மூச்சாகப் படித்துவிட வேண்டும் என்று முடிவு. வீட்டில் சொன்னால், வேலையும் இல்லை, பிறகென்ன, கல்யாணத்தை முடிப்போம் என்பார்கள். சொல்லவில்லை. தினமும் எட்டு மணிக்கு வழக்கம்போல் டிபன் பையோடு கிளம்புவாள். அம்மா மண்டபம் வரை நடந்து படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். ஒன்பதரைக்கு அழகிரி கோயிலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, வெளிப்படிக்கட்டு வழியாக ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வாள். சாயங்காலம் வரை படிப்பு.

"கதவு, ஜன்னல் எதையும் திறக்க மாட்டேன். ரேடியோகூடப் போட மாட்டேன். ஆனா போன வாரம் வீட்டுக்காரர் எங்கப்பாவுக்குப் போன் பண்ணி, உங்க பொண்ணு ஸ்கூலுக்குப் போன நேரத்துல வீட்டுல யாரோ இருக்காங்க, ஒன்பதரைலேருந்து ஃபேன் ஓடுது, ஒரு மணிக்கு கரண்ட் அடுப்பு எரியுதுன்னு மணிக் கணக்கா சொல்லியிருக்காரு. அப்பா எனக்குப் போன் பண்ணி, எங்க இருக்கேன்னு கேட்டாங்க. ஸ்கூல்லன்னு சொன்னேன். அப்ப வீட்டுல இருக்கிறது யாருன்னு கேட்டாங்க."

அவள் டிபன் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அப்பா என்ன பண்றாங்கம்மா?"

"சமயபுரத்துல கோயில் வாசல்ல தேங்காய், பழக் கடை. வர்ற ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடி வீட்டுக்காரருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு எனக்குத் தெரியணும்."

கேமரா இல்லை, கோடு போட்ட ஒரு படம்தான் என்று கலீம் விளக்கினான். மீட்டருக்கு ஃபேன் எது, ஆள் யார் என்று தெரியாது. மின்சாரம் கூடுவதும் குறைவதும்தான் தெரியும். மீதியைப் பார்க்கிறவர் ஊகித்துக்கொள்வார். எல்லாவற்றையும் சொன்னவனுக்கு, அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டது யார் என்பதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

"பாத்துட்டுச் சொல்றேம்மா" என்று கிளம்பிவிட்டான்.

காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. இத்தனை வருஷம் ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டில் சொன்னதில்லை என்று பெருமைப்பட்டிருக்கிறான். இப்போது வாயைத் திறக்காமலே ஒரு வீட்டின் காலையையும் மதியத்தையும் எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தாகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு நிற்காமல் வண்டியை அலுவலகத்துக்கு விட்டான்.

தில்லைநகரில் இருந்த நிறுவன அலுவலகத்தில் மீட்டர் தகவல்களைக் கவனித்துக்கொள்பவள் கனிஷ்கா. இளம் பொறியாளர். கலீம் விஷயத்தைச் சொன்னதும் கணினியில் அந்த இணைப்பைத் தேடி எடுத்தாள்.

"கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்கதாண்ணே நமக்குக் கஸ்டமர். குடியிருக்கிறவங்களுக்கு நம்ம ஃபார்ம்ல ஒரு கட்டம்கூடக் கிடையாது. அவரு கேட்டு வாங்கின பக்கத்தை நான் எப்படி மூட முடியும்?"

"அவரு எழுதிக் கேக்கல மேடம்."

கனிஷ்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் திறந்துவிட்டேன். மேல் வீட்டையும் காட்டச் சொல்லி வாய்ப்பேச்சுல கேட்டாரு, இதையும் சேத்துச் செஞ்சு குடுத்துட்டேன்."

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இதை நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரியவே தெரியாதுண்ணே" என்றாள்.

"அதான் சொல்றேன். எழுத்து இல்லைன்னா மூடலாம்ல?"

மூடலாம். அனுமதி இல்லாமல் திறந்த பக்கத்தை மூட யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஏன் மூடினோம் என்று எழுதியாக வேண்டும். அதில் கலீமின் பெயர் வரும். கனிஷ்கா எழுதினாள், மேல் வீட்டுப் பக்கத்தை மட்டும் அவன் கண் முன்னாலேயே மூடினாள். அடுத்த திங்கட்கிழமை அவனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் கடிதம். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நேராக அழகிரி வீட்டுக்குப் போனான். எழுதிக் கொடுத்தால் அவர் மறுபடி திறந்துகொள்ள முடியும். கலீமின் கவலை அதுதான்.

அழகிரி அதற்குள் கவனித்துவிட்டிருந்தார். ஸ்டோர் குமாஸ்தாவின் மணி மணியான கையெழுத்தில் விண்ணப்பம் தயாராக மேஜையில் இருந்தது.

"நல்ல வேளை வந்தீங்க தம்பி. மேல் வீட்டு விவரம் காணாமப் போச்சு. இந்தாங்க, முறைப்படி எழுதிட்டேன்."

"சார், அந்தப் பொண்ணு பாவம் சார். படிச்சுக்கிட்டு இருக்கு."

"தெரியும். அவ அப்பா சொன்னாரு. நான் கெட்ட எண்ணத்துலயா செஞ்சேன்? தனியா இருக்கிற பொண்ணு. திருடனா, வேற யாராவதான்னு பதறிப் போனேன். சொல்ல வேண்டியது என் கடமை இல்லையா?"

"அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டிருக்கலாமே சார்."

அழகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் வீட்டு மீட்டர். நான் பாக்கிறதுல தப்பு என்ன? எனக்கு மறைக்க ஒண்ணும் இல்ல. என் மீட்டரை யார் வேணா பாக்கட்டும்." போனை எடுத்துத் தன் வீட்டுப் பக்கத்தைத் திறந்து கலீமிடம் நீட்டினார். "நீங்களே பாருங்க."

கலீம் வாங்கத் தயங்கினான்.

"பாருங்க தம்பி. பாத்துச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தான். முந்தின மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். படிக்கத் தெரிந்தவனுக்கு அது பேசியது.

"சொல்லட்டுமா சார்?"

"சொல்லுங்க."

"ஃப்ரிட்ஜ் நாப்பது நாளா ஓடல. மிக்சி, கிரைண்டர் போட்ட மாதிரியே தெரியல. காலையில அஞ்சு மணிக்கு ஒரு டிவி அளவுக்கு ஏறுது. நீங்க கோயிலுக்குப் போற நேரத்துல மட்டும் இறங்குது. மத்தபடி நாள் பூரா ஒரே மாதிரி..."

"போதும்."

அழகிரி கையை நீட்டினார். கலீம் போனைக் கொடுத்தான். வெளியே பழைய பேப்பர்காரர் கூவிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அழகிரி எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார்.

"ஃப்ரிட்ஜ்ல வைக்க என்ன இருக்கு? மெஸ்லேருந்து சாப்பாடு வருது, ஒரு வேளைக்கு வாங்குறது ரெண்டு வேளைக்கு வருது. பையன் போன் பண்ணா, ரசம் வச்சேன், கூட்டு பண்ணேன்னு சொல்லுவேன். அவனும் நம்பிக்கிட்டு இருக்கான்." டிவி இருந்த பக்கம் கையைக் காட்டினார். "டிவி பாக்கிறதும் இல்ல. வீட்டுல பேச்சுச் சத்தம் கேக்கணும்ல."

"பையன்கிட்ட நான் சொல்ல மாட்டேன் சார்" என்றான் கலீம். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. குத்திக்காட்டும் எண்ணத்தில் அவன் சொல்லவில்லை.

அழகிரி திரும்பி வந்து விண்ணப்பத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இது இப்ப வேண்டாம். இருக்கட்டும்." காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார். பால் இருந்ததா என்று தெரியவில்லை, அவர் உள்ளே போய் வெகு நேரம் வரவில்லை. கடைசியில் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி வந்த பாலில் இரண்டு டம்ளர் வந்தது. இருவரும் குடித்தார்கள். அந்த விண்ணப்பம் அதன் பிறகு அலுவலகத்துக்கு வரவே இல்லை.

கனிஷ்கா சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்கு மூன்று தடவை எழுதினாள். இரண்டு தடவை பதில் இல்லை. மூன்றாவது தடவைக்குப் பிறகு படிவம் மாறியது. வீட்டில் குடியிருப்பவர் யார் என்று ஒரு கட்டம் வந்தது. அவர் கையெழுத்துப் போடாமல் அரை மணிப் பக்கத்தை யாருக்கும் திறக்கக் கூடாது, வீட்டுக்காரருக்கு மொத்தம் மட்டும்தான் என்று உத்தரவும் வந்தது. ஏற்கெனவே மாட்டிய வீடுகளுக்கும் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். கலீம் முதலில் அழகிரி வீட்டு மாடிக்குப் போனான்.

சுபஸ்ரீ வீட்டில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன.

"ஒரு விஷயம் அன்னிக்கே சொல்லியிருக்கணும்மா" என்றான் கலீம், வாசலிலேயே நின்றபடி. "அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டது நான்தான்."

"தெரியும்ண்ணா. வீட்டுக்காரர் சொன்னாரு. மூடினதும் நீங்கதான்னு சொன்னாரு."

சொன்னபடியே அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா மருதை வந்திருக்கிறார். கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி வந்தவர், வாழைப்பழச் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அவள் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தாராம்.

"வேலையை விட்டதுக்குக் கோபம் இல்லம்மா, உன் வாயால கேட்டிருக்கணும், அடுத்தவன் சொல்லிக் கேட்டுட்டேனேன்னாரு. நான் சொல்றதாத்தான் இருந்தேன். பரீட்சை முடிஞ்சதும் சொல்லலாம்னு. அதுக்குள்ள..." அவள் தோளைக் குலுக்கினாள். "படின்னு சொல்லிட்டாரு. அது போதும்."

"அப்புறம் ஏன் காலி பண்றீங்க?"

"திருவானைக்காவல்ல ரெண்டு பொண்ணுங்க இதே பரீட்சைக்குப் படிக்கிறாங்க, சேந்துக்கப் போறேன். வீட்டுக்காரர் மேல வந்து, தப்பு என்னுதுதாம்மா, இருன்னாரு. அவர் மேல கோபம் ஒண்ணும் இல்ல." சுபஸ்ரீ சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்தாள். "ஆனா ஃபேன் போடப் போனா ஒரு நிமிஷம் கை நிக்குதுண்ணா. மூடியாச்சுன்னு தெரியுது. கைக்குத் தெரியல."

கலீம் படிவத்தை நீட்டினான். போகப்போகிறவள்தானே என்று அவள் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். திருவானைக்காவல் வீட்டுக்கும் இதே மீட்டர் வருமா என்று கேட்டாள். அடுத்த வருஷம் வரும் என்றான். அப்போது இந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

அங்கிருந்து இறங்கி நாலு வீடு தள்ளிப் போனான். அந்த வீட்டுச் சொந்தக்காரர் வாசலிலேயே பேனாவைத் திறந்துகொண்டு நின்றார்.

"குடுங்க, போடுறேன்."

"உங்களது கடைசியில சார். பின் போர்ஷன்ல குடியிருக்கிறவங்க யாரு?"

"ஓனர் நான்தானே? அவங்க என்னத்துக்கு?"

"அவங்க வீட்டு விஷயம் சார்" என்றான் கலீம். முகம் சுளித்துக்கொண்டே அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் கையைத் துடைத்துக்கொண்டு வருகிற வரையில் கலீம் படிவத்தோடு வாசலில் நின்றான்.