நரம்புக்குக் கதவு கிடையாது

மீட்டர் அக்காவின் இடது காலுக்குள் கதவு அடித்துக்கொள்ளும் சத்தம் முதன்முதலாக ஒரு செவ்வாய்க்கிழமை, கடை விடுமுறை நாளில், மாலை ஆறே காலுக்குக் கேட்டது. காற்றடித்தால் மரக்கதவு படாரென்று சாத்துமே, அதே சத்தம். அவள் அடுப்படியில் நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். புருஷன், தச்சுவேலை செய்பவர், எழுந்துபோய் வாசல்கதவைத் தாழிட்டார். மறுபடி படார். கொல்லைக் கதவு, குளியலறைக் கதவு, அலமாரிக் கதவு என்று ஒன்று விடாமல் சாத்தினார். அப்போதும் படார். கடைசியில் சத்தம் வந்த பக்கம் குனிந்து, பெண்டாட்டியின் கெண்டைக்காலில் காதை வைத்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடிப்பாவி, உள்ள யாருடி?" என்றார். கேட்கிற கேள்வியா அது! ஆனால் வேறு எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அவள் பெரிய துணிக்கடை ஒன்றின் இரண்டாம் மாடியில், திரைச்சீலைப் பிரிவில், பதினேழு வருஷமாகத் துணி அளந்து வெட்டிக் கொடுப்பவள். பெயர் அப்படி வந்ததுதான். அந்த மாடியில் நாற்காலி என்பது வாங்க வருகிறவர்களுக்கு மட்டும். காலை ஒன்பதரையிலிருந்து கடை சாத்தும்வரை, சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் போக, அங்கே வேலை பார்க்கும் பன்னிரண்டு பெண்களும் நின்றபடிதான். சுவரில் முதுகு பட்டால்கூட மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமுவார். மூன்றாம் வருஷம் அவள் முழங்காலுக்குப் பின்னால் சிவப்பும் நீலமுமாகச் சிலந்தி வலை பின்னியது. இரண்டாவது பிள்ளை பிறந்தபிறகு கெண்டைக்காலில் பச்சைக் கயிறு புடைத்து நெளிந்தது. "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்றார்கள். நம் ஆட்களுக்குத் தோலுக்கடியில் நீளமாக எது தெரிந்தாலும் நரம்புதான். ஆகவே நரம்புத் தளர்ச்சிக்கு விற்கிற டானிக்கை எட்டு வருஷம், வேளைக்கு இரண்டு மூடி, முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள். "கால் மேல கால் போட்டு உக்காந்தா இப்படித்தான் ஆகும் அண்ணி" என்று நாத்தனார் வேறு புத்தி சொன்னாள். உட்காரவே வழியில்லாதவளிடம்!

புதன்கிழமை சத்தம் கடைக்கும் வந்துவிட்டது. அவள் துணியை விரித்தால் படார், கத்தரியை வைத்தால் படார். விலை கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அலறிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். மேற்பார்வையாளர் மாடியிலிருந்த ஏழு கதவுகளையும் கழற்றிக் கீழே அனுப்பினார். அதன்பிறகும் கேட்டதால் மீட்டர் அக்காவைத் தனியே கூப்பிட்டார். "ஏம்மா, திங்கக்கிழமை மதியம் வரைக்கும் டயம். சத்தம் நிக்கணும். இல்லன்னா வேற இடம் பார்த்துக்கோ." வீட்டில் மாதம் தவறாமல் வருவது அவள் சம்பளம் ஒன்றுதான். தச்சர் மெஷின் எண்ணெயை எடுத்துவந்து, "கீல் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு" என்று காலைத் தடவிப் பார்த்தார். கீல் கிடைக்கவில்லை. எண்ணெயின் நாற்றத்தில் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வியாழக்கிழமை நரம்பு டாக்டரிடம் போனார்கள். அவர் சுத்தியலால் முட்டியைத் தட்ட, உள்ளே கதவு அடிக்க, சுத்தியல் கைநழுவி விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்தார். பிறகு, "நரம்புக்குக் கதவு கிடையாதும்மா" என்றார். "கதவு இருக்கிறது ரத்தக்குழாய்ல. எட்டு வருஷமா தப்பான ஆளுக்கு மருந்து ஊத்தியிருக்கீங்க." மீட்டர் அக்கா குடித்த மூடிகளை விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். எட்டு வருஷம்!

ரத்தக்குழாய் டாக்டரம்மா அடுத்த தெருவில் இருந்தார். கருவியைக் காலில் உருட்டி, திரையில் காட்டினார். காலுக்கு இறங்கிய ரத்தம் மறுபடி நெஞ்சுக்கு ஏறியாக வேண்டும். நடக்கும்போது கெண்டைத்தசை பிழிந்து பிழிந்து மேலே தள்ளும். ஏறியது திரும்ப இறங்கிவிடாமல் வழியெல்லாம் மேல்நோக்கி மட்டும் திறக்கும் சின்னச் சின்னக் கதவுகள். ஒரே இடத்தில் நின்றால் தசை பிழியாது, ரத்தம் தேங்கும், பாரத்தில் குழாய் அகன்றுவிடும், அகன்ற குழாயில் கதவின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று பொருந்தாது. பிள்ளைப்பேறு, எடை, வயசு எல்லாம் கூடச்சேரும். வலை மாதிரித் தெரிவது மேலாக ஓடும் பொடிக் குழாய்கள், அதனால் பயமில்லை. "இது குடும்பத்துல வரும். உங்க அம்மாவுக்கு இருந்துச்சா?" என்று கேட்டார். "அம்மா காலை நான் பார்த்ததே இல்ல டாக்டர்" என்று சொன்னவள், சொல்லிவிட்டுத் தானே அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

கெட்ட குழாயைச் சூடுவைத்து அடைத்துவிட்டால் ரத்தம் நல்ல குழாய்கள் வழியாகப் போய்க்கொள்ளும் என்றார் டாக்டரம்மா. "வழியையே அடைக்கிறதா?" என்று தச்சர் எழுந்தே நின்றுவிட்டார். வெள்ளிக்கிழமை காலை முக்கால் மணி நேரத்தில் அடைத்தாயிற்று. இறுக்கமான காலுறையோடு அவள் நடந்தே வீடு திரும்பினாள். வீடு நிசப்தமாக இருந்தது. தச்சர் சந்தேகத்தில் நாலைந்து தரம் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆள் போயிட்டான்" என்றார்.

திங்கட்கிழமை அவள் தன் இடத்தில் நின்று துணி அளந்தாள். மதியம் மேற்பார்வையாளர் வந்து பக்கத்திலேயே நின்றார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், சத்தமே இல்லை. அவர் திருப்தியாகத் தலையாட்டித் திரும்பும்போது படார் என்றது. "ஏம்மா!" என்று பாய்ந்தார். "சத்தியமா நான் இல்ல சார்" என்றாள். குனிந்து தன் காலைத் தொட்டுப் பார்த்தாள். அமைதியாக இருந்தது. மறுபடி படார், தலையணைப் பிரிவிலிருந்து. அடுத்தது போர்வைப் பக்கம். பிறகு ஜமுக்காளம், துண்டு, மெத்தை உறை என்று மாடி முழுக்கப் படார் படார் என்று அடிக்கத் தொடங்கியது. பதினோரு பெண்களும் பேயறைந்தவர்கள்போலத் தத்தம் கால்களையே பார்த்தார்கள். மீட்டர் அக்காவின் கதவு ஓய்ந்தபிறகுதான் தங்கள் கதவுகள் அவர்களுக்கே கேட்டன. மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமப் பார்த்தார், வரவில்லை. தலையணைக்காரிதான் முதலில் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் உட்கார்ந்து காலை நீட்டினார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அடுத்த மாதம் பன்னிரண்டு முக்காலிகள் வந்தன. சத்தம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அந்த மாடிக்குத் துணி வாங்கப் போகிறவர்கள் இப்போது திடுக்கிடுவதில்லை. நடுவில் படார் என்று கேட்டால், கையிலிருக்கும் துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உன் கதவுதாம்மா, போய் உக்காரு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்கிறார்கள்.