போவதற்கு முன்பே

கோடை விடுமுறைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பிழைதிருத்தி அந்தக் கோடைப் பயணத்தை முடித்துவிட்டிருந்தார். வீட்டை விட்டு அவர் எங்கும் போயிருக்கவில்லை. காலையில் எழுந்து முகம் கழுவி, சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்து, "அந்த விடுதித் துண்டு ரொம்ப முரடும்மா. தொடைச்சா கன்னம் எரியுது," என்று மகளிடம் சொன்னார். எந்த விடுதி என்று மகள் கேட்டாள். "ஏரிக்கரை விடுதிதான். நானும் நண்டுவும் தங்கினோமே," என்றார் அவர். நண்டு என்பது அவருடைய பதினைந்து வயதுப் பேத்தி. குழந்தையாக இருந்தபோது பக்கவாட்டில் தவழ்ந்ததால் வந்த பெயர். அவள் வாயில் பிரஷ்ஷோடு குளியலறைக் கதவில் நின்றபடி இதைக் கேட்டாள். அவளும் தாத்தாவும் சேர்ந்து பஸ் ஸ்டாப்பைத் தாண்டி எங்கும் போனதில்லை.

முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் தொலைபேசி எண் புத்தகங்களுக்கும் பள்ளிப் புத்தகங்களுக்கும் பிழை திருத்தியவர் என்பதால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் மனைவி இறந்தாள். அந்த மாதத்திலிருந்தே அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. செய்தித்தாளில் ஒரே எழுத்துப் பிழையைச் சிவப்புப் பேனாவால் ஒரே நாளில் நான்கு முறை திருத்துவார். காலையில் சாப்பிட்டது மதியம் தெரியாது. தினமும் மாலை டீ வரும் நேரத்தில் மட்டும் தவறாமல் மனைவி எங்கே என்று கேட்பார். மகள் முதல் வாரம் உண்மையைச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் அவர் புதிதாக அதிர்ந்து உட்கார்ந்ததைப் பார்க்க முடியாமல், "தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்கப்பா, வந்துடுவாங்க," என்று சொல்லிப் பழகிக்கொண்டாள். நண்டு அந்தப் பொய்யை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்த நேரத்தில் மாடிக்குப் போய்விடுவாள்.

மகள் பல் கட்டும் கூடத்தில் வேலை செய்தாள். மெழுகில் பொய்ப்பல்லை வரிசையாகப் பதிப்பது அவள் வேலை. கணவர் கப்பலில் இருந்தார், பத்து மாதத்துக்கு ஒரு முறை வருவார். எனவே நினைவு மருத்துவரிடம் அப்பாவை அழைத்துப் போவதும் அவள்தான். விடுதித் துண்டைப் பற்றி அவர் பேசிய அந்த வாரமும் போனார்கள். டாக்டர் தேதி கேட்டார், தெரியவில்லை. கடிகாரம் வரையச் சொன்னார், முள் இல்லாமல் வரைந்தார். எழுந்து போகும்போது பிழைதிருத்தி, "உங்க கைக்கட்டைப் பிரிச்சாச்சா டாக்டர்? நல்லா ஆறியிருக்கே," என்றார். டாக்டரின் கையில் கட்டு எதுவும் கிடையாது. அவர் புன்னகைத்து, அதையும் கோப்பில் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் அவர்கள் போனபோது டாக்டர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். பிழைதிருத்தியைப் பார்த்ததும் டாக்டரின் முகத்தில் ரத்தம் வற்றியது. பிறகு வலது கையால் கோப்பைத் திருப்பி முந்தின குறிப்பைப் படித்தார். மகளை வெளியே அழைத்து, "உங்க அப்பாவுக்கு நினைவு போகலைம்மா. திசை மாறிப் பாக்குது. நடந்தது தெரியலை, நடக்கப்போறது ஞாபகம் இருக்கு. இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல," என்றார்.

இதைக் கேட்டு மகள் திகைத்துப் போனாலும் நண்டுவுக்கு அப்படி இல்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தாத்தாவிடம் கேட்பதற்கு ஏதோ இருந்தது. ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் அவர் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். மற்றவர்கள் பயணத்துக்குத் திட்டம் போடுவது போல அவள் போடவில்லை. நடந்ததைக் கேட்டு எழுதினாள். ரயிலில் எதிர் இருக்கைக்காரர் மடியில் மீன் தொட்டியோடு வந்தார், ஒரு மீன் துள்ளித் தாத்தாவின் டீயில் விழுந்தது. விடுதியின் மாடிப்படி பச்சை நிறம். மூன்றாம் நாள் மிதிபடகில் போனபோது நண்டுவின் செருப்பு ஒன்று ஏரியில் விழுந்தது. "இன்னொரு ஜோடி எடுத்து வெச்சுக்கோ. ஒத்தைக் கால்ல நொண்டிக்கிட்டு வந்தே," என்றார் தாத்தா. சொல்லும்போது அவர் குரல் பழைய குரலாக இருந்தது. அவள் எழுதியதை வாங்கிப் பார்த்து 'மிதிபடகு' என்பதில் விட்டுப்போன எழுத்தைச் சேர்த்துக் கொடுத்தார்.

விடுதியின் பெயர் அவருக்கு நினைவில்லை. நண்டு அந்த ஏரிக்கரையில் இருந்த விடுதிகளுக்கெல்லாம் வரிசையாகப் போன் செய்து மாடிப்படி என்ன நிறம் என்று கேட்டாள். எட்டுப் பேர் கிண்டல் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். ஒன்பதாவது விடுதிக்காரர் வைக்கவில்லை. "இப்போ மஞ்சள். பச்சை பெயிண்ட் நேத்துதான் வாங்கி வெச்சேன். டப்பாவைக்கூட இன்னும் திறக்கல. உனக்கு யாரும்மா சொன்னது?" என்றார். அங்கேயே அறை சொன்னாள்.

நோட்டை முதலில் சரியாகப் படித்தது மகள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குக் கொண்டுவந்த வேலையாக ஓர் ஆளுக்கு மேல்வரிசைப் பல் பதித்துக்கொண்டே, பக்கத்தில் கிடந்த நோட்டை இடது கையால் புரட்டினாள். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தன. நான்காம் நாள் மாலை படகுத்துறையில் உட்கார்ந்து சுட்ட சோளம் தின்றார்கள், சூரியன் மறைந்தது. அதற்கு மேல் எழுத்து இல்லை. "திரும்பி எப்படிப்பா வந்தீங்க?" என்று கேட்டாள். அவர் யோசித்தார். "தெரியலையே. வீட்டுலதானே இருக்கேன், வந்திருப்பேன்." அவள் மெல்ல மெல்ல மற்றதையும் கேட்டாள். அடுத்த மழைக்காலம் எப்படி இருந்தது, நண்டு பரீட்சையில் எத்தனை வாங்கினாள், மாப்பிள்ளை கப்பலிலிருந்து எப்போது வந்தார். எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அவருடைய வருங்காலம் முழுக்க அந்தப் படகுத்துறையில் நின்றுபோயிருந்தது. மகள் கையிலிருந்த மெழுகு அழுந்தி, பதித்த பல் நான்கும் கோணிப்போயின. அதை அவள் கவனிக்கவில்லை.

பயணம் கிடையாது என்று அன்றே சொல்லிவிட்டாள். நண்டு காரணம் கேட்டாள், தெரிந்ததும் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வாரமாகத் தான் அழகான கையெழுத்தில் எழுதி வந்தது தாத்தாவின் கடைசி நாட்களை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிழைதிருத்தியிடம் போகவேண்டாம் என்று சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை, குழம்பினார். "போயாச்சேம்மா. இனிமே எப்படிப் போகாம இருக்கிறது?" என்றார். மகள் இரண்டு வாரம் தூக்கமில்லாமல் யோசித்தாள். போகாமல் இருந்தால் அதே நாளில் இந்த நாற்காலியிலேயே நடந்துவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் வந்ததும், தனக்கும் சேர்த்து மூன்றாவது டிக்கெட் எடுத்தாள்.

"நானும் உங்ககூட வந்தேனாப்பா?" என்று கேட்டாள்.

"இல்லையே. நீ ஸ்டேஷன்ல என் ஷூ லேஸைக் கட்டிவிட்டே. ரெண்டு முடிச்சு. அப்புறம் நீ அங்கேயே நின்னே."

மறுநாளே லேஸ் இல்லாத ஷூ வாங்கி வந்தாள். புறப்பட்ட காலையில் அந்தப் புது ஷூவின் அடிப்பாகம் தோசைக்கல்லில் ஒட்டாத மாவு போலத் தனியாகக் கழன்று வந்தது. வேறு வழியில்லாமல் பழையதை மாட்டி, வீட்டிலேயே இறுக்கமாகக் கட்டி, ஸ்டேஷனில் குனியவே கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்பினாள். நண்டு முதலில் ஏறினாள், பிழைதிருத்தி அடுத்து. பெட்டி வாசலில் நின்று அவர் திரும்பியபோது இடது கால் லேஸ் அவிழ்ந்து தொங்கியது. தடுக்கி விழுந்துவிடுவாரே என்ற பயத்தில் மகள் பிளாட்பாரத்தில் நின்றபடியே குனிந்தாள். இரண்டாவது முடிச்சை இழுத்துவிட்டுக் கையை எடுத்த நொடியில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் நண்டுவின் முகம் வெளுத்துப்போய் நகர்ந்தது. பிழைதிருத்தி கையசைத்தார். அந்த ஏரிக்கரை ஊருக்கு ரயில் நான்கு நாளுக்கு ஒன்றுதான். மலைச் சாலையைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். மகளின் டிக்கெட் அவள் கைப்பையிலேயே இருந்தது.

மீன் டீயில் விழுந்தது. மாடிப்படியில் பச்சைப் பெயிண்ட் இன்னும் ஒட்டியது. நண்டு படகில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுப் போனாள். ஒரு நாய் அதில் ஒன்றைக் கவ்வி ஏரியில் போட்டது. அதன் பிறகு அவள் எதையும் தடுக்க முயலவில்லை. நான்காம் நாள் காலையிலிருந்து தாத்தாவை விட்டு ஓர் அடி விலகவில்லை. டாக்டர் நம்பர், மருத்துவமனை நம்பர், அம்மா நம்பர் மூன்றையும் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தாள். மாலை படகுத்துறையில் உட்கார்ந்தார்கள். அவர் சோளத்தை ரசித்துத் தின்றார். அவள் ஒரு கடிகூடக் கடிக்காமல் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள். சூரியன் மறைந்ததும் அவர் தண்ணீரையே பார்த்தபடி, "இதுக்கு மேல எனக்குத் தெரியாது நண்டு," என்றார். அவள் பிடியை இறுக்கினாள். நாடி ஓடிக்கொண்டிருந்தது. அறைக்குப் போனார்கள், அவர் படுத்தார். பிடித்த கையை விடாமலே அவளும் எப்போதோ தூங்கிப்போனாள்.

வெளிச்சம் வந்தபோது அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து பூரா என் கையை விடவே இல்லையே நீ. சோளத்தையும் அப்படியே வெச்சுட்டே," என்றார். நண்டு படுத்தபடியே உறைந்துபோனாள். நேற்று என்ற ஒன்றை இரண்டு வருடத்தில் அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஒவ்வொன்றாக எதையோ பின்னோக்கிப் போய்த் தொட்டுப் பார்ப்பது போல அவர் உதடுகள் அசைந்தன. பிறகு முகம் மாறியது.

"உங்க பாட்டி தங்கச்சி வீட்டுக்குப் போகல, இல்ல?"

ஓடிப்போக அங்கே வீட்டு மாடி இல்லை. "இல்ல தாத்தா," என்றாள் நண்டு. "எப்போ?" என்று கேட்டார். சொன்னாள். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கட்டில், கடைசியாகப் பாட்டி தண்ணீர் கேட்டது, அவர்தான் டம்ளரைப் பிடித்துக்கொண்டது, எல்லாவற்றையும் அவள் சொல்லச் சொல்ல, ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே வந்தார். டம்ளர் பேச்சு வந்ததும் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, இரண்டு வருடமாக ஒரு நாளுக்கு மேல் அழ முடியாமல் போனதையெல்லாம் அழுதார்.

மகள் அன்று காலை ரயிலில் வந்து இறங்கி, பச்சைப் படியில் ஓடி ஏறினாள். கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். அவள் பயந்தபடி இல்லாமல், அப்பா உயிரோடு உட்கார்ந்திருந்தார், நண்டு அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். "கதவு சாத்தினதும் ரொம்ப பயந்துட்டியா?" என்று அவர் கேட்டார். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். எது நடந்ததோ அதைத்தான் அவர் கேட்கிறார் என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஊர் திரும்பியதும் டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார், முள்ளோடு வரைந்தார். டாக்டர் கோப்பில் 'நினைவு பழைய திசைக்குத் திரும்பியது' என்று எழுதி, அதற்கு மேல் எழுத எதுவும் இல்லாததால் மூடி வைத்தார். விஷயம் தெரிந்த தெருக்காரர்கள் சிலர் தங்கள் மகன் வேலைக்கும் மகள் கல்யாணத்துக்கும் தேதி கேட்டு வந்தார்கள். அவர் அந்தக் காலத்தில் தெருவில் தண்ணீர்த் தொட்டி கட்டப்பட்ட வருடத்தைச் சொல்லி அனுப்பினார். பிழைதிருத்தி அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். மற்றவர்களைப் போலவே பஸ்ஸைத் தவறவிட்டார், மின்வெட்டில் திடுக்கிட்டார், மழை வந்த நாட்களில் நனைந்தார்.