பின்வரிசை திரும்பியபோது

1.

சீ குங் பற்றி ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று எங்கள் பூங்கா வகுப்பு டீச்சர் கேட்டார். அதற்கு உட்கார்ந்ததுதான் இது. கதை எழுத உட்காரவில்லை, கண்ணுகளா.

இப்படித் தொடங்கினேன்: "சீ குங் சீனாவின் பழைய பயிற்சி. சீ என்றால் மூச்சு, உள்ளே ஓடும் உயிர்க்காற்று. குங் என்றால் நாள்பட்ட உழைப்பால் கைக்கு வரும் தேர்ச்சி. முழங்காலைச் சற்றே தளர்த்தி நின்று, பெரிய பந்தொன்றை அணைத்திருப்பதுபோல் கைகளை வைத்து, மூச்சை மெதுவாக..."

அந்த இடத்தில் எங்கள் வகுப்பின் பின்வரிசைக்காரர் நினைவில் வந்து நின்றுவிட்டார். நகர மாட்டேன் என்கிறார்.

2.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. குடியிருப்பில் அது தெரிந்த அன்றே எல்லாரும் அவரிடம் பேசுவதை விட்டுவிட்டு அவர் மனைவியிடம் பேசத் தொடங்கினார்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போதே, "சாப்பிட்டாரா?" என்று.

பூங்கா வகுப்பில் யாருக்கும் தெரியாது. அங்கே மட்டும் அவர் இன்னும் 'அண்ணே'. அதைக் காப்பாற்ற அவள் ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். அவரைக் கடைசி வரிசையில் நிறுத்தி, அவருக்கு நேர் முன்னால் தான் நிற்பாள். எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். முன்னால் இருப்பவர் முதுகைப் பார்த்துச் செய்தால் போதும்.

"என் முதுகைப் பாருங்க. அங்க இங்க வேடிக்கை பாக்காதீங்க."

"முப்பத்தெட்டு வருஷமா அதைத்தானே பாத்துட்டிருக்கேன். என்னைக்கு நீ முகத்தைக் காட்டுன?"

(முதலில் இவளைப் பொறுமையின் வடிவமாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். இவள் எரிந்து விழுவாள். பிறகு, மாற்றிப் போட்ட சட்டைப் பொத்தானைச் சரியாக மாட்டிவிடுவாள்.)

3.

ஒருநாள் காலை வெயில் முகத்தில் அடித்தது. "எல்லாரும் அப்படியே பின்னால திரும்புங்க" என்றார் டீச்சர். திரும்பினோம்.

பின்வரிசை முன்வரிசை ஆயிற்று. அவருக்கு முன்னால் ஒரு சுவர் மட்டும். பின்னால் முப்பது பேர், அவர் முதுகைப் பார்த்தபடி. முதல் ஆளாக அவள்.

[அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள் என்று... இல்லை. பிடித்தால் எல்லாருக்கும் தெரிந்துபோகும். அவள் அசையவில்லை.]

டீச்சர் வரிசைகளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வருவதற்குள் அவர் கைகள் எழுந்தன. பந்தை அணைக்கவில்லை. பெரிய சக்கரம் ஒன்றின் விளிம்பைப் பற்றின. கரண்ட் போய் லிஃப்ட் நடுவில் நின்றால், மேலே இயந்திர அறையில் கையால் சுற்றி இறக்குவார்களே, அந்தச் சக்கரம். ஒரு சுற்று. நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி ஒரு சுற்று.

"பதறாதீங்க," என்றார், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம். "மூச்சை மெதுவா விடுங்க. இறக்கிட்டுத்தான் இருக்கேன்."

முப்பது பேரும் சக்கரத்தைச் சுற்றினோம். முப்பது பேரும் மூச்சை விட்டோம். எப்போதும் கொட்டாவி விடுகிற பேங்க்காரர்கூட. அவளும்.

(மூச்சு அடிவயிறுவரை போய் வருவது எப்படி என்று எனக்குப் பிடிபட்டது அன்றைக்குத்தான். டீச்சர் மன்னிக்க வேண்டும்.)

4.

ஒரு முடிவு எழுதினேன்: டீச்சருக்கு எல்லாம் முன்பே தெரியும். கிழித்துவிட்டேன். அது நமக்கு ஆறுதல். அவளுக்கு என்ன பயன்? இன்னொன்று: யாரோ சிரித்தார்கள், அவள் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள், அப்புறம் அந்தப் பக்கமே... முடிக்கக் கை வரவில்லை.

டீச்சர் பாதி வழியில் நின்று தானும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். முடிந்ததும் அருகில் வந்தார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு அண்ணே. இந்தப் பயிற்சிக்குப் பேரு என்ன?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

ஏதோ ஒரு பேரைச் சொன்னால் அவர் நாளைக்கும் அண்ணன்தான். நாளைக்கும் அவள் ஒருத்தியே சுமக்க வேண்டும். உள்ளதைச் சொன்னால் முப்பது பேர் கை கொடுக்கலாம். இல்லை, முப்பது பேரும் "சாப்பிட்டாரா?" என்று கேட்கத் தொடங்கலாம்.

அவள் சொன்னதை நான் எழுதினால், நீங்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். வேண்டாம். கொஞ்சம் அவள் இடத்தில் வந்து நில்லுங்கள், கண்ணுகளா. முழங்காலைச் சற்றே தளர்த்துங்கள். மூச்சை முழுதாக விடுங்கள்.

அவர் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.