உம் கொட்டும் அத்தான்

“நான் எங்கேம்மா தலையை ஆட்டினேன்? சிவனேன்னு படுத்துத்தான இருந்தேன்.”

“ஆட்டினீங்க அத்தான். வாக்கியத்துக்கு வாக்கியம் ஆட்டினீங்க. கூடவே ‘உம்’ வேற.”

“கதை சொன்னா உம் கொட்ட மாட்டாங்களா? சொல்றவங்களுக்கு ஒரு மரியாதை வேணாமா?”

“அது ரெக்கார்டு அத்தான்! அதுக்கு என்ன மரியாதை?”

மைக்கை அணைத்துவிட்டு ஆராய்ச்சி மாணவி தலையில் அடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பால், ஸ்கேனரின் குழாய்க்குள்ளிருந்து அத்தானின் பாதங்கள் மட்டும் அடுப்பில் செருகிய விறகு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. ஒரே கதையைக் கேட்கும்போது கணவன், மனைவி இருவர் மூளையும் எப்படி இயங்குகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. வருவதாகச் சொன்ன கடைசி ஜோடி கையை விரித்துவிட, அக்காவையும் அத்தானையும் கையோடு இழுத்து வந்திருந்தாள். அக்காவின் மூளைப் படம் பளிங்கு மாதிரி வந்துவிட்டது. அத்தானுடையது மூன்று தடவையும் தலை ஆடியதால் கலங்கிய குட்டைதான். நாளை இந்த எந்திரத்தைப் பழுதுபார்க்கப் பிரிக்கிறார்கள். அதைத் திரும்பப் பூட்டுவதற்குள் அவள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டிய நாள் போய்விடும்.

“வீட்லயும் இதே உம்தான்டி,” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா. “ஒரு வார்த்தை காதுல ஏறாது. கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொன்னேன். உம்னார். மறுநாள் பார்த்தா அடுப்பு எரியல.”

மாணவி மறுபடி மைக்கைப் போட்டாள். “அத்தான், கதையாவது புரிஞ்சுதா?”

“புரியாம என்ன? கலங்கரை விளக்கத்துக்காரன் பாவம். கப்பல் வர்ற அன்னைக்குப் பார்த்தா தூங்குவான்? அவன் போட்டிருந்த கம்பளிச் சட்டைகூட நீலம்.”

அக்காவின் முகம் சிவந்தது. “மெஷின் சொன்னா மட்டும் சட்டை நிறம்கூட ஞாபகம் இருக்குதோ? குடுடி அந்த மைக்கை.”

“அக்கா, வேணாம்...”

“என்னங்க! நேத்து நான் என்ன நிறத்துல சேலை உடுத்தியிருந்தேன்?”

ஒலிபெருக்கியில் தயங்கித் தயங்கி ஒரு “உம்” வந்தது.

எந்திரத்தை இயக்கும் டெக்னீஷியன் சிரிப்பை இருமலாக்கி, சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். சொல்லி வைத்தாற்போல் கதவு திறந்தது. அடுத்த நேரத்தைப் பதிவு செய்திருந்த சீனியர் மாணவர், படமெடுக்க வேண்டிய ஆளோடு நின்றிருந்தார். அவருக்கும் இதுதான் கடைசி நாள்.

மாணவி எழுந்து அவரிடம் ஓடினாள்.

“அண்ணா, கோவப்படாதீங்க. எங்க அத்தான் தலையை இறுக்கிக் கட்டியாவது படுக்க வெக்கிறேன். உங்க நேரத்துல ஒரே ஒரு தடவை ஓட்டிக்க விடுறீங்களா?”