தாழிக்குள் செண்டுமல்லி

தகரக் கொட்டகையின் கம்பிக் கதவுக்கு உள்ளே பழனிக்குமாரும் ஒரு பழங்காலத் தாழியும் இருந்தார்கள். சாவி வெளியே, சோலைமலையின் இடுப்பில் இருந்தது.

"பூட்டலை தம்பி. காத்து அடிக்குதுல்ல, சும்மா சாத்தி வச்சிருக்கோம்" என்றார் ஊர்ப் பெரியவரான சோலைமலை, பூட்டை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டே.

நிலக்கோட்டைப் பக்கம் இரண்டு ஊர்களின் எல்லையில் கிணறு வெட்டும்போது கிடைத்த தாழி அது. இரண்டு ஊருமே தன்னுடையது என்றது. உள்ளே மகரந்தம் இருந்தால் எந்த ஊர்த் தாழி என்று சொல்லிவிடலாம் என்று யாரோ கொளுத்திப் போட, திண்டுக்கல்லில் தாவரவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பழனிக்குமார் மண்ணைச் சுரண்டிக்கொண்டு போனான். முடிவை நேரில் வந்து சொல்வது மரியாதை என்று நினைத்ததுதான் பிசகு. இது எங்கள் ஊர்த் தாழிதான் என்று எழுதிக் கொடுத்தால் கதவு திறக்கும். எழுதினால், இனி அவன் ஆராய்ச்சியில் எதைச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

"உள்ள இருந்தது அம்புட்டும் செண்டுமல்லி மகரந்தம்யா."

"நம்மூர்ல வெளையிறதுதானே? எழுது."

"அது மெக்சிகோ பக்கமிருந்து வந்த செடி. ஐநூறு வருசத்துக்கு முன்னாடி நம்ம நாட்டுலயே கெடையாது. தாழி அதுக்கும் ரொம்பப் பழசு."

சோலைமலையின் முகம் இறுகியது. "அப்ப மெக்சிகோக்காரனும் கேட்டு வருவானா?"

தாழிக்குத் தினமும் பூசை வைக்கும் மூக்காயி குறுக்கே வந்தாள். "நாந்தானே அப்பு மாலை போடுறேன். வாடுனதை உள்ளயே போட்டுருவேன். சாமி பூவைக் குப்பையிலயா கொட்டுறது?"

"அதான்யா!" பழனிக்குமார் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "எந்தப் பூ வந்து ஒட்டுச்சுன்னுதான் மகரந்தம் சொல்லும். தாழியை எங்க செஞ்சாகன்னு சொல்லாது. என் சட்டையில கடலை மாவு ஒட்டியிருந்தா நான் பஜ்ஜிக் கடையில பொறந்தவனா?"

"எந்தக் கடை?" என்றார் சோலைமலை.

"ஐயா... சூளையில சுடும்போதே களிமண்ணுல இருந்த மகரந்தம் எரிஞ்சிரும். அடியில படிஞ்ச பழைய மண்ணு இருந்தா, பொதைஞ்ச எடத்துல அன்னைக்கு என்ன செடி இருந்துச்சுன்னு சொல்லலாம்."

"தாழியைக் கொண்டாந்த அன்னிக்கே தேங்கா நாரு போட்டுத் தேச்சுக் கழுவிட்டேன்" என்றாள் மூக்காயி பெருமையாக.

சோலைமலை மூக்காயியின் பூக்கூடைப் பக்கம் கையைக் காட்டினார். "சரி, சாமிகிட்டயே கேட்ருவோம்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். குலுக்கிப் போட்டதில் மூக்காயி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. வெள்ளை வந்தால் இந்த ஊர்த் தாழி. குலவைச் சத்தத்தில் தகரம் அதிர்ந்தது.

"அப்ப நான் கிளம்புறேன்யா. அதான் சாமியே சொல்லிருச்சே."

"தாராளமா. சாட்சிக் கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போ."

கம்பி வழியாகக் காகிதம் வந்தது. பூக்கட்டிப் பார்த்ததில் வெள்ளை வந்தது என்று மட்டும்தான் அதில் இருந்தது. பழனிக்குமார் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தான். பொய் ஒன்றும் அகப்படவில்லை. போட்டான்.

பூட்டுக்குள் சாவியை நுழைத்த சோலைமலை காகிதத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "பேருக்குப் பக்கத்துல படிப்பை விட்டுட்டியே. 'தாவரவியல் ஆராய்ச்சி'ன்னு கொட்டையா எழுது. இல்லாட்டி பக்கத்து ஊருக்காரன் மதிப்பானா?"

பழனிக்குமார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான்.

சோலைமலை கோபப்படவில்லை. சாவியை உருவிக்கொண்டு திரும்பினார். "ஏத்தா மூக்காயி, ராத்திரிச் சோத்துக்குத் தம்பிக்கு என்ன வெஞ்சனம் பிடிக்கும்னு கேட்டு வையி."