கழட்ட வேண்டாம்

“கழட்ட வேண்டாம், அப்படியே உள்ள வாங்க” என்று வாசற்படியில் நின்று யாக்லிகா சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்தவர்கள், பனி உருகிய சேற்றோடு குனிந்து ஷூ நாடாவைப் பிடித்தார்கள். அவள் தடுத்தாள். ஒப்புக்கு ஒருமுறை மறுத்துவிட்டு அவர்களும் உள்ளே போனார்கள்.

அந்த மலை ஊரில் வருகிறவர்களைக் காலணியோடு உள்ளே விடுவதுதான் மரியாதை. கழற்றுவது வீட்டு ஆட்கள் மட்டும். தம்பி வுக்கோட்டா கல்யாணம் முடிந்து பிராங்காவைக் கூட்டிவந்த அன்று, இதே படியில் தயங்கி நின்ற பெண்ணிடம், “கழட்டிடும்மா, இனி நீ நம்ம வீட்டுப் பொண்ணு” என்று சொன்னதும் யாக்லிகாதான்.

முற்றத்தில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் வுக்கோட்டா, அடுத்து மிலுட்டின் சித்தப்பா. வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர்களிடம் கைகொடுத்து, “மனசைத் தேத்திக்குங்க” என்றார்கள். படுக்கையில் கிடந்த அப்பாவைத் தூக்கித் துடைத்து ஊட்டியவளிடம் கைகொடுக்க யாரும் வரவில்லை. அவள் இரண்டு கைகளிலும் ராக்கியாச் சாராயக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டு இருந்தது.

சித்தப்பா ஒரு கிண்ணத்தை எடுத்தார். இறந்தவருக்காக ஒரு சொட்டைத் தரையில் விட்டார்.

“எங்க அண்ணன் தொமாஷ் இருக்கானே, வைக்கோல் வெட்டக் கூப்பிட்டா எழுந்திருக்கவே மாட்டான். இன்னிக்கும் பாரு, ஆறு பேர் தூக்க வேண்டியதாச்சு!”

எல்லாரும் சிரித்தார்கள். யாக்லிகாவும் சிரித்தாள். அப்பா இருந்தால் அவரும் சிரித்திருப்பார் என்று தோன்றியதும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டு ஆட்கள் மட்டும் மேஜையைச் சுற்றி மிஞ்சினார்கள். பன்றித்தொடை உப்புக்கண்டத்தை மெல்லியதாகச் சீவியபடி வுக்கோட்டா சொன்னான்:

“அப்பா உயில் ஒண்ணும் எழுதலைக்கா. நாற்பதாம் நாள் முடிஞ்சதும் கொலாஷின் டவுனுக்குப் போய் நோட்டரியைப் பார்த்துடலாம்.”

“சட்டப்படி ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி” என்றார் சித்தப்பா. “ஆனா நம்ம வீட்டுப் பொண்ணுங்க யாரும் கூடப்பிறந்தவன் பங்குல கைவச்சது கிடையாது. மேல்கரை வீட்டு ஸோர்க்கா கைவச்சா. என்ன ஆச்சு? அவ செத்தப்ப அண்ணன் தம்பி ஒருத்தனும் எட்டிப்பாக்கலை. பெட்டியைத் தூக்கக் கூலிக்கு ஆள் பிடிச்சாங்க.”

“அக்காகிட்ட எதுக்கு இதெல்லாம் சொல்றீங்க?” என்றாள் பிராங்கா. “அவங்களுக்குத் தெரியாதா?”

“நீ எங்கயும் போக வேணாம்க்கா” என்றான் வுக்கோட்டா. “உன் காலம் முழுக்க இங்கயே இருக்கலாம். யார் உன்னை என்ன சொல்லப் போறா?”

இருக்கலாம். இந்த வீட்டில் அந்த வார்த்தையை அவளிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. பாலாடைக்கட்டித் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

தன் பாதியை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட அவளுக்குத் தயக்கம் இல்லை. போடத்தான் போகிறாள். ஒரே ஒரு தடவை, ஒரு பேச்சுக்காவது, ‘வேணாம்க்கா, நீயே வச்சுக்கோ’ என்று அவன் சொன்னால் போதும். உடனே, ‘போடா பைத்தியம்’ என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போட்டுவிடுவாள். நாற்பது நாளும் பசுவைக் கறக்கும்போதும் அப்பா விட்டுப்போன துணிகளை அலசும்போதும் இதைத்தான் மனதுக்குள் ஓட்டிப்பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோட்டரி சின்ன வயசுப் பெண். பேனாவை மூடி வைத்துவிட்டு யாக்லிகாவை நேராகப் பார்த்தாள்.

“பாதி உங்களுது, தெரியுமில்லையா? வேண்டாங்கிறது உங்க சொந்த முடிவுதானா?”

யாக்லிகா தம்பியைப் பார்த்தாள். அவன் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பது தெரிந்ததும் சாவி நின்றது. வாயைத் திறந்தான்.

தொண்டையைச் செருமிக்கொண்டான். அவ்வளவுதான்.

“ஆமா” என்றாள்.

வழியெல்லாம் வுக்கோட்டா கூரை மாற்றுவது பற்றிப் பேசினான். தகரம் போடலாமா, ஓடு போடலாமா என்று அவளையும் கேட்டான். “உன் இஷ்டம்டா” என்றாள். வேலிக் கதவருகே அவளை இறக்கிவிட்டு, சித்தப்பாவுக்குச் சேதி சொல்லக் கீழே போனான்.

மழை தூறிக்கொண்டிருந்தது. முற்றத்தைக் கடப்பதற்குள் ஷூ முழுக்கச் சேறு. படியேறியதும் வழக்கம்போலக் குனிந்து நாடாவை இழுத்தாள்.

கதவு திறந்தது. பிராங்கா நின்றாள். யாக்லிகாவின் நீல ஏப்ரனைக் கட்டியிருந்தாள். உள்ளிருந்து காப்பி மணம் வந்தது.

“அட, எதுக்கு இந்தக் குளிர்ல குனிஞ்சுகிட்டு! கழட்ட வேணாம்க்கா, அப்படியே உள்ள வாங்க.”

அடுப்பில் காப்பி பொங்கும் சத்தம் கேட்டு அவள் ஓடிவிட்டாள்.

யாக்லிகாவின் விரல்கள் நாடாவிலேயே இருந்தன. பிறகு அதை மறுபடி இறுக்கி முடிச்சுப் போட்டாள். நிமிர்ந்தாள்.

பிறந்ததிலிருந்து வெறுங்காலோடும் கம்பளிக் காலுறையோடும் மட்டுமே நடந்த பலகைத் தரை அது. வாரம் தவறாமல் முட்டிபோட்டுத் தேய்த்த தரை. அதன்மேல் தன் ஷூ எழுப்பும் சத்தத்தைக் கேட்டபடி, ஜன்னலோரம் விருந்தாளிகளுக்குப் போடும் நாற்காலி வரை நடந்து போய் உட்கார்ந்தாள்.