கதவைத் திறந்து வைத்துச் செய்கிற வேலை

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்கு அந்த வட்டாரத்தில் ரேடியோ என்று பெயர். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வாய் இருக்கிறதே! கோளாறு என்ன என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டால் போதாதா? யாரால் வந்த கோளாறு என்பதையும் கண்டுபிடித்து, வீட்டார் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கொதிக்கிற பாலை அப்படியே உள்ளே வைத்தது யார், பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளியது யார், காற்று போக இடமில்லாமல் அடைத்தது யார் என்று துப்பறிவார். மாட்டிக்கொண்டவர் அசடு வழிவார், மற்றவர்கள் சிரிப்பார்கள், வீட்டார் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு இவர் கிளம்புவார். இருபது வருஷமாக இதே பிழைப்பு.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு இரண்டாம் மாடி வீட்டிலும் அதைத்தான் செய்தார். புருஷன், பெண்டாட்டி இரண்டே பேர். புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். இவனுக்கெல்லாம் மரியாதை ஒரு கேடா, அவன் என்றே சொல்வோம். ஃப்ரீஸர் முழுக்கப் பனி மண்டியிருந்தது, கீழே தண்ணீர்கூடச் சில்லென்று ஆகவில்லை. ரேடியோ ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துக் காட்டினார். தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான் விஷயம். பனியைக் கரைத்து, ரப்பரை வெந்நீர்த் துணியால் நீவிவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம்.

"ரப்பர் பாதி, ஆள் பாதி சார். யாரோ கதவைச் சரியா சாத்தாம விட்டுடறாங்க. நீங்களா இருக்காது, பகல்ல நீங்க வீட்டுலயே இல்லையே" என்று சொல்லிக் கண்ணடித்தார். வாத்தியார் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அதோடு விட்டாரா? பனியைக் கத்தியால் குத்தினால் அடித்தகட்டில் ஓட்டை விழும், கேஸ் மொத்தமும் போய்விடும், புதிதாக ஏற்ற வேண்டிவரும், இந்தக் கேஸ் சமையல் கேஸ் மாதிரி பற்றிக்கொள்ளும், அதனால் வாசல், ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டு மணிக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கும் என்று ஒரு பிரசங்கமும் வைத்தார். அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். இவர் வெளியே வந்ததும் உள்ளே பூட்டு மாட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் தட், தட் என்று நாலு சத்தம். பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை, மறுபடியும் அழைப்பு. வாத்தியார்தான் கதவைத் திறந்தான். இவரை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பவும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். சமையலறையில் அவள் நின்றிருந்தாள். இடது கையில் விரல்வரை மாவுக்கட்டு. கழுத்தில் நாலு விரல் பதிந்து கன்றிப்போன தடம். ரேடியோ பார்க்காத மாதிரி பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, குளிர்தான் இல்லை. பின்பக்கக் குழாயைத் தொட்டுப் பார்த்தார், சூடே இல்லை. ஃப்ரீஸருக்குள் டார்ச் அடித்தார். அடித்தகட்டின் நடுவில் ஆணி கனத்துக்கு ஒரு ஓட்டை, சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு. கத்தி வேலை என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

வாத்தியார் தோளுக்குப் பின்னால் வந்து நின்று என்ன ஆச்சு என்று கேட்டான். இருபது வருஷத்தில் முதல் தடவையாக ரேடியோ பொய் சொன்னார். பழைய பெட்டி, தகடு துருப்பிடித்துவிட்டது, யார்மேலும் தப்பில்லை என்றார். அவன் இவரை ஒதுக்கிவிட்டு உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தான்.

"துரு இவ்வளவு அழகா ஓட்டை போடுமா? போன தடவை கரெக்டா சொன்னீங்களே. இப்பவும் சொல்லுங்க. யாரு?"

பதில் வேண்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்த ஆள் நிற்கிறாரே என்ற வெட்கம்கூட இல்லை. திரும்பி அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தான், முகத்தை ஃப்ரீஸர் கதவின் விளிம்பில் மோதினான். இன்னொரு தடவை மோதினான். மூன்றாவதில் மூக்கு உடைந்து ரத்தம் வெள்ளைக் கதவில் தெறித்தது. அவள் கத்தவில்லை. கத்தினால் கூடுதலாக விழும் என்று பழகியவள் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ரேடியோவின் கையில் முழ நீள ஸ்பானர் இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? அதைத் தரையில் வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டார். தூ, நீயும் ஒரு மனுஷனா என்று தன்னைத்தானே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது.

கூடத்தில் போன் அடித்தது. அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனான். கார் கற்றுக்கொள்ளும் யாரோ. பயப்படாதீங்க மேடம், கிளட்சை மெதுவா விடுங்க, வண்டி தானா நகரும் என்று தேன் ஒழுகப் பேசினான் பாவி.

அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தாள். "போன தடவை ரப்பர்னு மட்டும் சொல்லியிருக்கலாம் அண்ணா. நீங்க படி இறங்கறதுக்குள்ள இந்தக் கதவோட கீல் பக்கம் என் விரலை வெச்சு நாலு தடவை சாத்தினான்."

அந்த நாலு சத்தம்! ரேடியோ மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அவள் கேட்கத் தயாராக இல்லை.

"ஓட்டை நான் போட்டதுதான். வாசலைத் திறக்கச் சொல்லுங்க. அவன் அங்கயே காவல் உக்காருவான், எப்படியாவது கிளப்புங்க. அது போதும்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஜன்னலெல்லாம் கம்பி, போன் அவனிடம், சாவி அவன் இடுப்பில். கேஸ் போனால் ஒழிய அந்த வாசல் திறந்து கிடக்கப்போவதில்லை. அடி விழும் என்று தெரிந்தேதான் கத்தியை எடுத்திருக்கிறாள். என்ன நெஞ்சழுத்தம்!

போன் பேசி முடித்து வந்தவனிடம் ரேடியோ குரலை உயர்த்தினார். புதுக் கேஸ் ஏற்றும்போது பூட்டிய வீட்டில் அது தேங்கிப் பற்றிக்கொண்டால் மூன்று பேரும் கரிக்கட்டைதான், வாசலைத் திற, இல்லையென்றால் நான் கிளம்புகிறேன் என்றார். அவன் முனகிக்கொண்டே பூட்டைத் திறந்தான், ஆனால் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக் காலைக் குறுக்கே நீட்டி உட்கார்ந்துவிட்டான். ரேடியோ ஓட்டையைத் தேய்த்துப் பசை வைத்து அடைத்தார். அரை மணி நேரம் போயிற்று. அப்புறம் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க ஆள் வேண்டும், உடைந்த கையோடு அந்தம்மாவால் முடியாது என்று அவனைக் கூப்பிட்டார். அவன் வந்து பெட்டியின் பாரத்தை இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டான். சாய்ந்த பெட்டிக்குக் கீழே ரேடியோ காலை நீட்டிப் படுத்தார்.

படுத்த இடத்திலிருந்து அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. செருப்புப் போடவில்லை. ஓடவும் இல்லை. தண்ணீர் எடுக்கப் போகிறவள் மாதிரி கூடத்தைக் கடந்து போனாள். வாசலில் நாற்காலி நகர்ந்து கீச்சென்றது.

அவன் திரும்பிப் பார்த்தான், பெட்டியை விட்டான். அது அப்படியே ரேடியோவின் முழங்காலில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. உயிர் போகிற வலி. ஆனாலும் தாண்டி ஓடப் பார்த்தவனின் கணுக்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். அவன் குப்புற விழுந்தான், கிடந்த ஸ்பானரை எட்டி எடுத்தான், கண்மண் தெரியாமல் அடித்தான். தோளில் அடித்தான், விரலில் அடித்தான், வாயில் அடித்தான். இரண்டு பல் தெறித்தது. ரேடியோ மிச்சமிருந்த பல்லால் அவன் கெண்டைக்காலைக் கடித்துக்கொண்டு தொங்கினார். அவன் மாடு மாதிரி அலறினான்.

"எங்கடா போறா? சொல்லு!"

"தெரியாது."

அடித்தான். மறுபடி கேட்டான். தெரியாது என்றார். மறுபடி அடித்தான்.

கீழ்வீட்டுக்காரர்கள் ஓடி வந்து அவனை இழுத்துப் பிடித்தபோது அவள் போய்ப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரேடியோ ரத்தத்தைத் துப்பிக்கொண்டு தரையில் கிடந்தார். அவர்களும் அவரைத்தான் கேட்டார்கள், அந்தப் பொண்ணு எங்கே என்று. அம்மா வீட்டுக்கா, போலீசுக்கா, ஏதாவது பஸ் ஏறிவிட்டாளா, அவருக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்திருந்தால் மூன்றாவது அடியிலேயே சொல்லியிருப்பார். அது அவளுக்கும் தெரியும், அதனால்தான் அவரிடம் அவள் சொல்லவில்லை.